இடது கைக்கு ஒரு சேனல்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கந்தப்பளையிலிருந்து ஒருவர் வேன் கொண்டுவந்து அண்ணனின் ஓர்கனை விலைக்கு வாங்கித் தூக்கிக்கொண்டு போகப்போகிறார் என்று அண்ணிதான் எனக்குப் போனில் சொன்னார். அன்று புதன்கிழமை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில், ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிக் கட்டுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"முடிவே பண்ணிட்டாரா? யாரைக் கேட்டு?" என்று நான் போட்ட சத்தத்தில் பொகவந்தலாவை பஸ் கண்டக்டர் ஏறிய காலை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தால் குரல் அடங்காது. வகுப்பில் அது உதவும், பஸ் ஸ்டாண்டில் உதவாது.

"யாரைக் கேக்கணும்? அவரு சாமான், அவரு குடுக்கிறாரு" என்றார் அண்ணி. "ஒரு நாளைக்குப் பத்துத் தடவ அதப் பாக்குறாரு. பத்துத் தடவயும் மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. என்னால பாக்க முடியல புள்ள. நீ வந்து ஒரு வார்த்த சொல்லிப் பாரு."

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் எந்தத் தோட்டத்தில் திருவிழா, கல்யாணம், சடங்கு என்றாலும் மேடையில் ஓர்கன் வாசித்தவர் அவர்தான். பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் வேலை, சனி ஞாயிறுகளில் மேடை. எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டதால் நான் படித்ததெல்லாம் அந்த மேடைக் காசில்தான். எந்த நிகழ்ச்சியையும் தானே கட்டிய ஒரு மெட்டோடுதான் தொடங்குவார். அதில் வலது கைக்குப் பெரிய வேலை கிடையாது, சின்னப் பிள்ளைகூட முணுமுணுக்கலாம். வித்தை எல்லாம் இடது கையில். கீழ்க் கட்டைகளில் அது படியிறங்கி, சறுக்கி, ஒரு நொடி நின்று, சட்டென்று மேலே ஏறி வரும். மேடைக்குத் தூரத்தில் கடலை வாங்கிக்கொண்டு நிற்பவர்கள்கூட, ஆளைப் பார்க்காமலே, "ஆ, வந்துட்டாருய்யா!" என்பார்கள்.

போன வருட மழைக்காலத்தில் ஒருநாள் காலை, தொழிற்சாலையில் வைத்து அவருக்கு வாதம் அடித்தது. பேச்சு திரும்பியது. நடையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இடது கை மட்டும் வரவில்லை. மடியில் வைத்தால் மடியில் கிடக்கும், மேசையில் வைத்தால் மேசையில் கிடக்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதற்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் அந்த ஓர்கனை வாங்கியிருந்தார். நாங்கள் எல்லாவற்றையும் ஓர்கன் என்போம், ஆனால் அது ஒரு சிந்தசைசர். கொழும்பில் ஸ்டூடியோவை மூடிய ஒருவரிடம் வாங்கிய பழைய சாமான், தூக்க இரண்டு ஆள் வேண்டும். பதினாறு வாத்தியங்களை ஒரே நேரத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசிக்க அதனால் முடியும். அண்ணன் அந்தப் பக்கமே போனதில்லை. மேடைக்கு ஒரு நேரத்தில் ஒரு வாத்தியம் போதும் என்று வைத்திருந்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பாடசாலைக் கலை விழாவுக்காகப் பிள்ளைகளின் பாட்டை லெப்டொப்பில் பதிந்து பதிந்து எனக்கு ரெக்கோர்டிங் மென்பொருள் அரைகுறையாகத் தெரியும். அதில் ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை வரி வேண்டுமானாலும் பதியலாம். அண்ணனின் ஓர்கனில் பதினாறு வாத்தியம். இரண்டையும் சேர்த்தால், அண்ணன் ஒரு கையால் ஒன்று வாசித்து வைத்துவிட்டு, அதே கையால் அதன் மேல் இன்னொன்றை வாசிக்கலாம். ஒற்றைக் கைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? இது ஏன் ஒரு வருடமாக என் மண்டைக்கு வரவில்லை என்று என்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் நேரே ஹட்டனில் ஒலிபெருக்கி, மைக், ரேடியோ விற்கும் முஸ்லிம் நானா ஒருவரின் கடைக்குப் போனேன்.

"வாங்கோ டீச்சர். என்ன, பிள்ளைகள்ட மைக் திரும்பவும் போய்ட்டா?" என்றார்.

"மைக் இல்ல நானா. பழைய ஓர்கன ஒண்ண லெப்டொப்போட சேக்கணும். வயர் இருக்கா?"

"பின்னால வட்டமா, அஞ்சு ஓட்டையோட சொக்கட் ஈக்கா?"

"இருக்கு. ரெண்டு மூணு இருக்கு."

"அப்ப இதுதான்." மேசை லாச்சியைக் கிண்டி, ஒரு முனையில் யூஎஸ்பியும் மறுமுனையில் இரண்டு தடித்த வட்டத் தலைகளும் உள்ள வயரை எடுத்து வைத்தார். "ஒண்டு சொல்றன், மறக்காதீங்கோ. தலையில எழுதீக்கிறத நம்பாதீங்கோ. மாத்திக் குத்தணும்."

"சரி நானா, சரி" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மறந்தும் போனேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லெப்டொப்பும் வயருமாக அண்ணன் இருக்கும் தோட்ட லயத்தில் இறங்கியபோது, அங்கே சத்தமே இல்லை. ஏழாம் நம்பர் காம்பராவில் முதல் நாள் ஒரு தாத்தா தவறிப்போய், அன்று மத்தியானம்தான் அடக்கம் முடிந்திருந்தது. பன்னிரண்டு காம்பராவும் ஒரே கூரைக்குக் கீழே முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கிற லயம் அது. அங்கே ஒரு வீட்டில் சாவு என்றால், அடக்கத்திலிருந்து மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வரும்வரை யாரும் ரேடியோ, டீவி எதுவும் போட மாட்டார்கள். இழவு வீட்டுக்காரர்கள் தங்கள் ரேடியோவை முதலில் போட வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் வீட்டில் சத்தம். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறியவர்களை நான் பார்த்ததில்லை.

அண்ணியும் வீட்டில் இல்லை. லயத்துப் பெண்கள் எல்லோரும் ஏழாம் நம்பரில்தான் சமைத்துப் போட்டுக்கொண்டு, அழுகிறவர்களைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்த வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் அண்ணி, "சோறு மூடி வச்சிருக்கேன், ரெண்டு பேரும் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். ஞாயிறு காலை வரைக்கும் அண்ணி எங்களோடு அதிகம் பேசியதே அவ்வளவுதான்.

பத்தாம் நம்பர் எங்களுடையது. நானும் அண்ணனும் பிறந்தது அங்கே, அண்ணன் இன்னும் இருப்பதும் அங்கே. ஓர்கன் சுவரோரம் பழைய சேலை போர்த்திக் கிடந்தது. நான் போன உடனே சேலையை உருவினேன்.

"என்ன பண்ற?" என்றார் அண்ணன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இது நம்ம சாமான்தானே? தொடுறதுக்கு அந்தாளுகிட்ட கேக்கணுமா?"

"வாய் மட்டும் கொறையல ஒனக்கு." சிரிக்கவில்லை, ஆனால் கதிரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினார். நான் திட்டத்தைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "ஒத்தக் கையால ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கி, ஒட்டுப்போட்டு வாசிக்கிறத எவன் கேப்பான் தங்கச்சி? அது வாசிப்பா?" என்றார்.

"நான் கேப்பேன்."

"நீ ஒனக்குப் புடிக்காட்டியும் கேப்ப."

சத்தம் வெளியே போகக்கூடாது என்பதால் ஓர்கனில் ஹெட்போனைச் செருகி அண்ணனின் தலையில் மாட்டிவிட்டேன். வீட்டில் ஒரே ஒரு ஹெட்போன்தான். அதனால் அந்த இரண்டு நாளும் அவர் கேட்டார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வயரைக் குத்தினேன். 'இன்' என்ற தலையை 'இன்'னில், 'அவுட்' என்ற தலையை 'அவுட்'டில். அப்படித்தானே எழுதியிருக்கிறது? அண்ணன் கட்டையை அழுத்தினார், லெப்டொப் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. மென்பொருளைக் குறை சொன்னேன், லெப்டொப்பைக் குறை சொன்னேன், மழைக்கு மின்சாரம் குறைவு என்றுகூடச் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ தெருக் கோணலுன்னாளாம்" என்றார் அண்ணன், ஹெட்போனோடு.

அப்போதுதான் நானா சொன்னது ஞாபகம் வந்தது. ஓர்கனிலிருந்து வெளியே வருவதுதான் வயருக்கு உள்ளே போக வேண்டும், அதனால் மாற்றித்தான் குத்த வேண்டும். மாற்றினேன். அண்ணன் ஒரு கட்டையைத் தொட்டதும் திரையில் ஒரு பச்சைக் கோடு துள்ளியது. என்னையறியாமல் "ஹையா!" என்று கத்திவிட்டு, இழவு வீட்டை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த சிக்கல். மென்பொருளில் நான் எந்த வரியைத் தொட்டாலும் எல்லாமே பியானோவாகக் கேட்கிறது என்றார் அண்ணன். ஓர்கனோடு வந்த கிழிந்த கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். விஷயம் இதுதான். ஓர்கன் தனி வாத்தியமாக வாசிக்கும் நிலையில் இருந்தது. அதைப் பல வாத்திய நிலைக்கு மாற்ற வேண்டும். அப்போது அது பதினாறு பேராகப் பிரியும், ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், அந்த நம்பருக்குப் பெயர் சேனல். அந்தச் சேனலில் வருவதற்கு மட்டும் அவர் வாசிப்பார்.

"புரியல" என்றார் அண்ணன்.

"அண்ணே, காலைல வேலைக்குப் போக முந்தி பெரட்டுல என்ன நடக்குது? ஆளுங்க எல்லாரும் வந்து நிக்கிறாங்க. இவங்க அஞ்சாம் நம்பர் மலை, இவங்க எட்டாம் நம்பர் மலைன்னு கங்காணி பிரிச்சி விடுறாரு. பிரிக்காம விட்டா?"

"எல்லாரும் ஒரே மலையில போய் நின்னு வாயடிச்சிக்கிட்டு இருப்பாங்க."

"அதான் இப்ப நடக்குது. எல்லாம் பியானோ மலையில நிக்குது."

"அப்ப நீ கங்காணியா?"

"நான் தொர" என்றேன். அப்போதுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. குனிந்து கையேட்டைப் படிக்கிற மாதிரி இருந்துகொண்டேன்.

பிரிக்கத் தொடங்கியதும் அண்ணனுக்கே ஆசை வந்துவிட்டது. எந்தச் சேனலில் எந்த வாத்தியம் என்பதை அவரே சொன்னார். எப்படி என்கிறீர்கள்? லயத்துக் காம்பரா நம்பர்படி.

"ஒண்ணாம் நம்பர்ல ட்ரம்பெட் போடு. பழைய கங்காணி வீடு, எப்பவும் சத்தம். ரெண்டுல வயலின். அந்தக்கா எதுக்கெடுத்தாலும் அழும். நாலுல பியானோ, மரியாதையான குடும்பம். ஆறுல மேண்டலின். அந்த வீட்டுப் பொம்பளப் புள்ளைக வாயி அப்பிடித்தானே?"

"நம்ம வீட்டுல?"

இடது கையைத் தூக்கி மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "பத்துல பேஸ் போடு. இடது கை நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

அந்த மெட்டின் இடது கை வேலை பூராவும் கீழ்ச்சுரம் பேசும் பேஸ் வாத்தியத்தில்தான் வர வேண்டும். பத்தாம் சேனலைக் கொடுத்துவிட்டு, "இப்ப வாசிங்க" என்றேன். வலது கையைக் கொண்டுபோய், ஒரு வருடமாக அது தொடாத கீழ்க் கட்டைகளின் மேல் வைத்தார். அழுத்தினார். முகம் சுருங்கியது. மறுபடி அழுத்தினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்துவிட்டு அழுத்திக் காட்டினார். டொப். டப். ஒரு கைதட்டல். ஒரு மணிச் சத்தம். வாளியை உருட்டிவிட்ட மாதிரி.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது. நான் அந்தப் பட்டனை அழுத்தி, இந்தப் பட்டனை அழுத்தி, பேஸ் என்று திரையில் தேடினேன். பத்தில் என்ன செய்தாலும் டொப், டப்தான்.

"விடு" என்றார் அண்ணன். "என் இடது கைக்குக் கெடச்ச கதியப் பாத்தியா? மெசின்ல போட்டாலும் அது வேலை செய்யல."

"அண்ணே, அது மெசினோட..."

"விடுன்னேன்ல! அந்தாளு ஞாயித்துக்கெழம வந்து எடுத்துட்டுப் போகட்டும். வாசிக்கத் தெரிஞ்சவன் வீட்டுல இருக்கட்டும்." சேலையை எடுத்து, ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து, அவரே ஓர்கனை மூடினார். ஒரு ஓரம் மூடவே இல்லை. அதை இழுத்துவிட எனக்குக் கை வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல், சிக்னல் கிடைக்கிற ரோட்டு முடக்கு வரைக்கும் ஏறிப் போய் நானாவுக்குப் போன் அடித்தேன். கடை திறக்கிற நேரம், பின்னால் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.

"நானா, பத்தாம் சேனல்ல என்ன போட்டாலும் மத்தளமா வருது. ஓர்கன் பழுதா?"

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பழுதில்ல டீச்சர். பத்து எப்பவும் தாளத்துக்குத்தான். எந்த நாட்டுல செஞ்ச மெசினும் அப்புடித்தான், பேசி வெச்சீக்கிறாங்க. நீங்க ஏன் பேஸைக் கொண்டுபோய்ப் பத்துல போட்டீங்க? ஆரும் அப்புடிப் போடுறல்லையே?"

எங்கள் காம்பரா பத்தாம் நம்பர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இறங்கி வந்து அண்ணனிடம் சொன்னேன். "ஒங்க கையில குத்தம் இல்ல. பத்தாம் நம்பர்ல தாளந்தான் இருக்கணுமாம், ஊர் உலகத்துக்கெல்லாம் அப்பிடித்தானாம். இடது கைக்கு வேற வீடு பாக்கணும்."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நம்ம வீட்ட விட்டு நம்மளயே எழும்பச் சொல்றானா?"

"ஆமா. வேற நம்பர் சொல்லுங்க."

"பன்னெண்டு வரைக்கும் ஆளு இருக்கு" என்று யோசித்தார். "பதிமூணு?"

"லயத்துல பதிமூணு ஏது?"

"அதான் சொல்றேன். எலக்சன் வந்தா நமக்குத் தனி வீடு கட்டித் தாறேன், கட்டித் தாறேன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்கல்ல? அதுதான் பதிமூணு. மொத ஆளா என் இடது கை குடிபோகட்டும்."

நான் சத்தம் வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும்தான். பதின்மூன்றாம் சேனலில் பேஸ் ஏறியது. இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. கட்டையை அழுத்தினால் பேஸோடு சேர்ந்து பழைய பியானோவும் கேட்டது. கையேட்டைப் புரட்டினேன். 'லோக்கல்' என்று ஒரு இடம் இருக்கிறது, அதை நிறுத்தினால் கட்டை நேராகச் சத்தம் போடாது, லெப்டொப் சொல்லுகிற வாத்தியம் மட்டும் பேசும் என்று போட்டிருந்தது. நிறுத்தினேன். அண்ணன் ஒரு கட்டையை அழுத்தி, கண்ணை மூடி, தலையை மெதுவாக ஆட்டினார். பேஸ் வந்துவிட்டது என்று எனக்கு அதில் தெரிந்தது.

வாசிப்புத்தான் கஷ்டம். இடது கையில் சுண்டுவிரல் செய்த வேலையை வலது கையில் கட்டைவிரல் செய்ய வேண்டும், எல்லாம் தலைகீழ். முதல் முறை மூன்றாவது அடியில் தடுக்கினார். இரண்டாம் முறை சறுக்கல் வருகிற இடத்தில். லெப்டொப் போடுகிற டிக் டிக் தாளம் வேறு அவருக்கு எரிச்சல். "காதுக்குள்ள பல்லி கத்துது" என்றார். நான் அதை நிறுத்திவிட்டு, அவருக்குத் தெரிகிற மாதிரி கையால் காற்றில் தாளம் போட்டேன். ஒவ்வொரு முறை பிழை வரும்போதும் மடியில் கிடந்த இடது கையைப் பார்ப்பார். ஒருதரம் அதைப் பார்த்து, "டேய், நீ அந்த எடத்துக்கு எப்பிடிடா போன? கொஞ்சம் சொல்லு" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது.

மத்தியானம் வரைக்கும் அந்தக் காம்பராவில் இருந்தது கட்டைகளின் டக் டக் சத்தம் மட்டும்தான். எத்தனையாவது முறையோ தெரியாது, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நிற்காமல் போனார். முடித்ததும் கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். நான் திரும்பப் போட்டுக் காட்டினேன்.

பிள்ளைகளின் பாட்டைப் போல, இதில் அந்த மென்பொருள் சத்தத்தைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, அதை ஓர்கனிடமே திருப்பிச் சொல்கிறது. ஓர்கன் அதைக் கேட்டு மறுபடி வாசிக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் அது பிடித்து வைப்பது கையை. அண்ணன் இரண்டு கையும் மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போனில் அதைக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் கேட்காது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னால் போனேன். வாசலில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இல்லையா அண்ணே?"

"இருக்கு."

"அப்ப வாங்க, இதுக்கு மேல வலது கையையும் வாசிச்சிருவோம். பாதிதானே முடிஞ்சிருக்கு?"

"வேணாம். இன்னிக்கு இது போதும்." திரும்பாமலே சொன்னார்: "ரெண்டையும் சேக்கும்போது நல்லா வரலன்னா என்ன பண்றது? இப்பக் கேட்டதும் போயிரும். இதாவது இருக்கட்டும் தங்கச்சி."

"நாளைக்கு அந்தாள வர வேணாம்னு சொல்லட்டா?"

"சொன்ன வார்த்த சொன்னதுதான். வரட்டும்."

பயந்துபோன மனிதரிடம் கத்தி என்ன பிரயோசனம்? முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஏழாம் நம்பர்க்காரர்கள் பால் தெளித்துவிட்டு வந்து குளித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டு ரேடியோவில் செய்தி கேட்டது. உடனே மூன்றாம் நம்பரில் ஒரு டீவி, எட்டில் ஒரு பாட்டு. மூன்று நாள் சேர்ந்த அழுக்குத் துணியைக் கட்டிக்கொண்டு அண்ணி பீலிக்குத் துவைக்கப் போனார். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் விழுகிற அந்தப் பீலி, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கீழே இருக்கிறது.

சரியாகப் பதினொரு மணிக்கு வேன் வந்தது. வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், அவரும் மேடையில் வாசிக்கிறவர். நல்ல மனிதர், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, அண்ணனைக் குனிந்து கும்பிட்டார். "ஒங்க வாசிப்பக் கேட்டுத்தாண்ணே நான் இதுக்கே வந்தேன்" என்றார்.

அண்ணன் ஓர்கனை ஸ்பீக்கரில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். வந்தவர் உட்கார்ந்து கட்டையை அழுத்தினார். சத்தமே வரவில்லை. 'லோக்கல்' நிறுத்தியபடியே இருந்தது. "என்னண்ணே, பழுதா?" என்று கேட்டார். ஆமாம், அடியோடு பழுது, நீங்கள் போகலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தங்கச்சி, அந்த லோக்கலப் போட்டு விடு" என்றார் அண்ணன்.

போட்டேன். வந்தவர் வாசித்தார். இரண்டு கையும் கட்டைகளில் தாராளமாக ஓடின. அண்ணன் அந்த இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்றிரண்டு பாட்டு வாசித்துவிட்டு, அவர் மரியாதைக்காக அண்ணனின் மெட்டையே எடுத்தார். வலது கை சரியாக வந்தது. கீழே இடது கை இறங்கி வந்து, சறுக்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிவிட்டது.

"அங்க அப்பிடி இல்ல" என்றார் அண்ணன்.

"எப்பிடிண்ணே? காட்டுங்களேன்" என்று சொல்லி எழுந்த மனிதர், சொன்ன பிறகுதான் அண்ணனின் மடியைப் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது. "மன்னிச்சிருங்கண்ணே, நான் யோசிக்காம..."

அண்ணன் எழுந்துபோய் அவர் விட்ட கதிரையில் உட்கார்ந்தார். "தங்கச்சி, அதப் போடு."

போட்டேன். ஸ்பீக்கரிலிருந்து அந்த இடது கை இறங்கி வந்தது. படியிறங்கி, சறுக்கி, ஒரு நொடி நின்று, மேலே ஏறியது. நானே அதை அப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன். ஒரு வருடத்துக்கு முந்திய மேடைகள் எல்லாம் அந்தக் காம்பராவுக்குள் வந்துவிட்டன. வந்தவர் சுவரில் சாய்ந்துகொண்டார். இரண்டாவது சுற்றுத் தொடங்கியபோது அண்ணன் வலது கையைக் கட்டையில் வைத்து மேலே உள்ளதை வாசித்தார். அவர் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கையும் ஒன்றை ஒன்று தேடி வந்து சேர்ந்த மாதிரிச் சேர்ந்தன.

பாதியில் வெளியே தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. அண்ணி. பீலியிலிருந்து ஏறி ஓடி வந்திருக்கிறார். மூச்சு இரைக்கிறது, சேலை நனைந்திருக்கிறது, முழங்கை வரைக்கும் சவர்க்கார நுரை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை, வந்தவரைப் பார்க்கவில்லை. நேரே அண்ணனின் இடது கையைத்தான் பார்த்தார்.

அது மடியில் கிடந்தது.

அண்ணன் வலது கையை எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் இடது கை மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி அதையும் கேட்டார், மடியில் கிடந்த கையையும் பார்த்தார். இரண்டு நாளாக ஹெட்போனுக்குள் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவும் இல்லை.

"அது நேத்து வாசிச்சது புள்ள" என்றார் அண்ணன், குரலே வராமல். "இந்தக் கையாலதான் வாசிச்சேன்."

அண்ணி உள்ளே வந்து, அண்ணனின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அந்த இடது கையை எடுத்துத் தன் ஈரக் கைகள் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, சுவரோரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற மனிதரை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. தேத்தண்ணி ஊத்துறேன், குடிச்சிட்டுப் போங்க. ஓர்கன் குடுக்கிறதுக்கில்ல" என்றார். அண்ணனின் கையை விடவில்லை. அன்று தேத்தண்ணி நான்தான் ஊற்றினேன்.